வாலில்தான் சம்பளம்!

ஆம்பூர் என்றால் பிரியாணி. அது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். மற்ற ஆறு நாளும் ஆம்பூர் என்றால் தோல், ஷூ, கம்பெனி பஸ். காலை நேரத்தில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம்... சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக வந்து நிற்கும் பஸ்கள். டிபன் பாக்ஸும் பையுமாக இறங்குகிற அந்தப் பெண்களில் காலேஜ் வாசலை மிதித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால், அந்த ஷூ கம்பெனிகளிலும் டேனரிகளிலும் சர்வசாதாரணமாகப் புழங்குகிற சில இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொல்லி, எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவரிடம் அர்த்தம் கேட்டுப் பாருங்கள். முழிப்பார்.

புல்-ஓவர். புல்-அப். பிரஷ்-ஆஃப். செட்டிங்-அவுட். வெட்-பேக். அப்புறம், மாசக் கடைசியில் யாரும் காதில் வாங்க விரும்பாத ஒரு வார்த்தை... லே-ஆஃப்.

எல்லாவற்றுக்கும் ஒரு வால் இருக்கிறது, கவனித்தீர்களா? அப், ஆஃப், அவுட், ஓவர், பேக். நாலு எழுத்தைத் தாண்டாத துக்கடாச் சொற்கள். முன்னால் நிற்கிற வினைச்சொல்லும் எளிமையானதுதான். இழு, துடை, வை. ஒன்றாம் வகுப்புச் சமாச்சாரம். ஆனால் ரெண்டும் கை கோத்ததும், ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மூன்றாவது அர்த்தம் ஒன்று எங்கிருந்தோ வந்து குதிக்கும்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1755-ல் லண்டனில் சாமுவேல் ஜான்சன் தன்னுடைய பிரம்மாண்டமான அகராதியை வெளியிட்டபோது, முன்னுரையிலேயே இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். வெளிநாட்டுக்காரர்களுக்கு நம்முடைய மொழியில் பெரிய சங்கடமே இதுதான் என்று சொல்லி, 'ஃபால் இன்', 'பிரேக் ஆஃப்', 'செட் ஆஃப்', 'செட் அவுட்' என்று நீளமாகப் பட்டியல் வேறு போட்டார். அகராதி போட்டவருக்கே அந்தக் கதி! அதற்குப் பிறகும் பல காலம் இந்த ஜோடிகளுக்கு ஒரு பொதுப் பெயர் கிடையாது. 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் எழுதிய 'வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்' என்ற புத்தகத்தில்தான் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் அச்சேறியது. பெயரை யோசித்துச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி.

வாலிலும் ரெண்டு ஜாதி உண்டு. 'லுக் அப் த ரேட்' என்று முதலாளி சொன்னால், ரேட் என்னவென்று தேடிப் பார் என்று அர்த்தம். 'லுக் அப் த சிம்னி' என்றால் சிம்னிக்குள் அண்ணாந்து பார். ரெண்டிலும் அதே 'லுக் அப்'தான். ஆனால் முதலாவதில் வால் குதிக்கும். 'லுக் த ரேட் அப்' என்றும் சொல்லலாம். ரெண்டாவதில் 'லுக் த சிம்னி அப்' என்று சொன்னால் வெள்ளைக்காரன் சிரிப்பான். குதிக்கிற வால் வினைச்சொல்லின் சொத்து, அது அட்வெர்ப். குதிக்காத வால் பின்னால் வருகிற பெயர்ச்சொல்லின் சொத்து, அது ப்ரிபொசிஷன். சில வினைகளுக்கு ரெண்டு வாலும் சேர்ந்தே முளைக்கும். குரோம் ஸ்டாக் தீர்ந்துபோனால் 'ரன் அவுட் ஆஃப் குரோம்'. இதில் 'அவுட்' ஒரு ஜாதி, 'ஆஃப்' ஒரு ஜாதி. நமக்கோ 'ரன் அவுட்' என்றதும் ஸ்டம்ப்தான் கண்ணில் தெரியும்!

ஒரு ஆச்சரியம் சொல்லட்டுமா? ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் இந்த வால்கள் பெரும்பாலும் தலையாக இருந்தன. வினைச்சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தன. 'அண்டர்ஸ்டாண்ட்', 'வித்ஸ்டாண்ட்' எல்லாம் அந்தக் காலத்து மிச்சம். அப்புறம் வைக்கிங்குகள் வந்தார்கள், அவர்களுடைய நார்ஸ் மொழி கலந்தது, கொஞ்சம் கொஞ்சமாகத் தலை நழுவி வாலானது. 1066-க்குப் பிறகு பிரெஞ்சு பேசுகிற ராஜாக்கள் வந்து உட்கார்ந்ததில், அதே வேலைக்கு ஒற்றைச் சொற்கள் மேல்தட்டில் புகுந்தன. குடிசையில் 'கோ இன்', கோட்டையில் 'என்ட்டர்'. சாமானியன் 'கோ ஆன்' என்றால், படித்தவன் 'கன்டினியூ'.

இந்தியாவுக்குப் பள்ளிக்கூடம் வழியாக வந்த இங்கிலீஷ் பெரும்பாலும் அந்தக் கோட்டை இங்கிலீஷ்தான். வேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷனின் கைங்கர்யத்தில் வளர்ந்தது வூர்ஹீஸ் கல்லூரி. உள்ளூர் வாயில் 'ஊரிஸ் காலேஜ்'. 1900-களின் தொடக்கத்தில் அங்கே படித்த ஒரு மாணவர்தான் பின்னாளில் ஜனாதிபதியான டாக்டர் ராதாகிருஷ்ணன். அவருடைய இங்கிலீஷ், லத்தீன் வாசனையடிக்கிற கம்பீரமான இங்கிலீஷ். அதே ஜில்லாவில், பாலாற்றங்கரையில், தோல் ஷாப்பு வழியாக இன்னொரு இங்கிலீஷ் பிறகு வந்து இறங்கியது. வால் முளைத்த இங்கிலீஷ். முதல் இங்கிலீஷைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நாம் ரெண்டாவதைப் பார்ப்போம்.

ஆரம்பத்தில் வால் கிடையாது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதனிட்டு, பாதி வேலை முடிந்த நிலையிலேயே கப்பலேற்றினார்கள். லண்டன் மார்க்கெட்டில் அதற்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல், சுருக்கமாக 'ஈ.ஐ.' என்று பெயர். அங்கே ஏலம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு பூட்ஸ் வேண்டியிருந்ததால், மெட்ராஸ் தோலைச் சர்க்காரே மொத்தமாக எடுத்துக்கொண்டது. நடுவில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி 1903 வாக்கில் மெட்ராஸில் குரோம் பதனிடுதலைப் பரிசோதித்தார். அந்த வழியில் 1912-ல் பல்லாவரம் பக்கம் வந்த குரோம் லெதர் கம்பெனியால்தான் இன்றைய குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். ஆனால் பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகள் ரொம்ப காலம் பட்டையை விடவில்லை.

அந்தக் கால ஏற்றுமதி வியாபாரிக்கு லண்டனோடு அவசரத் தொடர்பு என்றால் தந்திதான். தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. 'கிவ் அப்' என்றால் ரெண்டு சொல், 'சரண்டர்' என்றால் ஒன்று. சின்னதோ பெரிதோ, வாலுக்கும் முழு டிக்கெட்! நீளமான வாக்கியங்களையே ஒற்றைச் சொல்லாகச் சுருக்கித்தரும் சங்கேதப் புத்தகங்கள் அப்போது உலகம் பூராவும் விற்றன. 1906-ல் வந்த பென்ட்லியின் சங்கேதப் புத்தகம் அவற்றில் ரொம்பப் பிரபலம். இப்படிக் காசு பார்த்து எழுதுகிற இங்கிலீஷில் வாலுக்கு எங்கே இடம்?

1972-ல் சீதாராமையா குழு ஒரு சிபாரிசு செய்தது. பாதி பதனிட்ட தோலை விற்று அடுத்தவனைப் பணக்காரனாக்கியது போதும், முழுசாக முடித்த தோலையும் ஷூவையும் விற்போம் என்று. அடுத்த வருஷமே பாதித் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. வேறு வழியில்லை. பட்டையும் தொட்டியுமாக இருந்த தோல் ஷாப்பு, மெஷின்களும் டிரம்களுமாக 'டேனரி' ஆனது. பக்கத்திலேயே ஷூ ஃபேக்டரி முளைத்தது. மெஷினோடு அதன் மேனுவல் வந்தது, கெமிக்கலோடு அதன் ரெசிபி வந்தது, ஆர்டரோடு பையர் வந்தார். இவர்கள் மூணு பேரும் பேசியது வால் இங்கிலீஷ்.

செட்டிங்-அவுட் மெஷினைப் பாருங்கள். ஈரத்தோலை உள்ளே விட்டால், மழுங்கலான பிளேடு சுற்றிய ஒரு உருளை அதை அழுத்தித் தேய்த்து ரெண்டு பக்கமும் விரிக்கும். மிச்சத் தண்ணீர் வெளியேறும், சுருக்கம் போகும், தோல் அகலும். லண்டன் ஏலத்துக்குப் போன ஈ.ஐ. கிப் தோல் எடைக் கணக்கில் விலை போனது. முடித்த தோலோ சதுர அடிக் கணக்கு. அதே தோல் கொஞ்சம் அகலமானால் அவ்வளவும் காசு! டிக்‌ஷனரியில் 'செட் அவுட்' என்றால் பயணம் கிளம்புதல் என்றுதான் முதலில் போட்டிருக்கும். டேனரியில் கிளம்புவது தோலின் சுருக்கம். மெஷின்காரர் வாயில் வால் உதிர்ந்துபோய் 'செட்டிங்' என்றுதான் நிற்கிறது. ஆனால் வேலையைச் செய்வது என்னவோ அந்த 'அவுட்'தான்.

'வெட்-பேக்' என்றால், ஏற்கெனவே காய்ந்த தோலை மறுபடி நனைத்துப் பழைய ஈரத்துக்குக் கொண்டுபோவது. 'பேக்' என்ற வாலுக்கு இங்கே 'மறுபடியும் பழைய நிலைக்கு' என்று அர்த்தம். 'புல்-அப்' என்பது எண்ணெயும் மெழுகும் ஏற்றிய ஒரு தோல் ரகம். இழுத்து மடக்கினால் அந்த இடத்தில் கலர் வெளிறும், விட்டால் திரும்பும். பழசு மாதிரி தெரிகிற அந்த ஷூவுக்குத்தான் வெளிநாட்டில் கூடுதல் விலை! (நம் வீட்டில் கலர் வெளிறினால் கடைக்காரனோடு சண்டைக்குப் போவோம்.) 'பிரஷ்-ஆஃப்' தோலில் மேல்பூச்சைத் தேய்த்து எடுத்தால் அடிக்கலர் எட்டிப் பார்க்கும். லண்டன் வீதியில் ஒருவருக்கு 'பிரஷ்-ஆஃப்' கொடுப்பது என்றால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவது. ஆம்பூரில் அது இரண்டு கலர் ஷூ.

ஷூ ஃபேக்டரியில் 'புல்-ஓவர்' என்றால் ஸ்வெட்டர் இல்லை. தைத்த மேல்பாகத்தை, பாத வடிவத்தில் இருக்கிற 'லாஸ்ட்' என்ற அச்சின் மேல் இழுத்துப் போர்த்துவது. மனுஷக் கையால் மட்டுமே முடியும் என்று நம்பப்பட்ட இந்த வேலையை மெஷினுக்குக் கொண்டுவந்தவர் ஜான் மாட்செலிகர். தென் அமெரிக்காவின் டச்சு கயானாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த கறுப்பினத் தொழிலாளி. 1883-ல் பேட்டன்ட் வாங்கினார். வேலை செய்துகொண்டே இரவில் இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர் அவர்.

பையர்களுடைய மெயிலில் வருகிற வால்கள் இன்னும் ஆபத்தானவை. 'கால் ஆஃப்' என்றால் நமக்குத் தெரிந்த அர்த்தம் ரத்து. மீட்டிங் 'கால் ஆஃப்' ஆகிவிட்டது என்கிறோம். ஆனால் பிரிட்டிஷ் வியாபார வழக்கில் 'கால்-ஆஃப் ஆர்டர்' என்பது அதற்கு நேர் எதிர். வருஷத்துக்கு இவ்வளவு ஜோடி என்று மொத்தமாக ஒப்பந்தம் போட்டுவிட்டு, அதிலிருந்து அவ்வப்போது 'இந்த மாதம் ஐயாயிரம் அனுப்பு' என்று கேட்டு எடுத்துக்கொள்வது. 'மார்ச்சில் ஐயாயிரம் ஜோடி கால் ஆஃப் செய்கிறோம்' என்று ஒரு மெயில் வந்தால், அனுப்புவதா, நிறுத்துவதா? ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, தமிழில் இந்த வால் வித்தை கிடையாதா? பேஷாக உண்டு. ஆனால் நாம் பழைய இங்கிலீஷ் மாதிரி. வாலைத் தலையில் வைத்துக்கொள்கிறவர்கள். மேல் + கொள் = மேற்கொள். கீழ் + படி = கீழ்ப்படி. புறப்படு, உட்படு, பின்வாங்கு, முன்வா... எல்லாம் நம்மூர் ஃப்ரேசல் வெர்ப்தான். ஒரு வேலையை எடுத்துச் செய்வதற்கு வெள்ளைக்காரன் 'அண்டர்'டேக் என்று கீழே போகிறான், நாம் 'மேற்'கொள்கிறோம். வேலை ஒன்றுதான். 'ஈட் அப்', 'டிரிங்க் அப்' என்பதில் 'அப்' செய்கிற வேலையை, நாம் பின்னால் இன்னொரு வினையை வைத்துச் செய்வோம். தின்று தீர்த்தான், குடித்துத் தீர்த்தான், எழுதித் தள்ளினான்.

இங்கிலீஷ் வால்களை மொழிபெயர்க்கும்போதும் நம் ஆட்கள் இதே டெக்னிக்கைத்தான் கையாண்டார்கள். பி.காம். படித்த பாவத்துக்கு எனக்கு முதலில் ஞாபகம் வருவது கணக்குப்பதிவியல் புத்தகம். பேலன்ஸ் 'கேரீட் டவுன்', 'பிராட் டவுன்' என்பதைத் தமிழ் மீடியத்தில் 'இருப்பு கீ/இ', 'இருப்பு கீ/கொ' என்று போடுவார்கள். கீழ் இறக்கப்பட்டது, கீழ் கொண்டுவரப்பட்டது. 'டவுன்' என்ற வால் 'கீழ்' என்ற தலையாகிவிட்டது. வராத கடனை 'ரைட் ஆஃப்' செய்வதற்கு 'போக்கெழுதுதல்'. என்ன அழகான வார்த்தை! ஆனால் பரீட்சை ஹாலைத் தாண்டி அது வெளியே வரவில்லை. 2020 ஏப்ரலில், வங்கிகள் பெரிய கடன்காரர்களின் 68,607 கோடியை ரைட்-ஆஃப் செய்த விவரம் வெளியானதும், 'கோடிக்கணக்கில் தள்ளுபடி' என்று ஒரு கட்சி கத்த, 'ரைட்-ஆஃப் வேறு, தள்ளுபடி வேறு' என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பதில் கொடுக்க, ஊரே ரெண்டுபட்டது. போக்கெழுதினால் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுப்பதோடு சரி, கடன்காரனைத் துரத்துகிற உரிமை போகாது. தள்ளுபடியில் கடனே போய்விடும். அரசியலை விடுங்கள். போக்கெழுதுதல் என்ற சொல்லை நாம் புழக்கத்தில் வைத்திருந்தால் பாதிச் சண்டை மிச்சம்.

தொழிற்சங்கத்துக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். 'வாக்-அவுட்' என்பதை 'வெளிநடப்பு' என்று சட்டசபையே பிடித்துக்கொண்டது. 'சிட்-இன்' இங்கே 'உள்ளிருப்பு'. 1853-54-ல் லங்காஷயரின் பிரஸ்டன் பஞ்சாலைகளில் முதலாளிகள் கதவைப் பூட்டித் தொழிலாளிகளை வெளியே நிறுத்திய 'லாக்-அவுட்', தமிழில் 'கதவடைப்பு' ஆனது. மூன்றும் பச்சைத் தமிழ் மாதிரி ஊறிப்போய்விட்டன. தப்பித்துக்கொண்ட ஒரே ஆசாமி லே-ஆஃப்.

ஆர்டர் குறைந்தாலோ, கரன்ட் இல்லை என்றாலோ, 'லே-ஆஃப் விட்டுட்டாங்கக்கா' என்பார்கள். ஸ்கூலுக்கு லீவு விடுகிற அதே 'விடு'. சொல்பவருக்குத் தெரியாமலேயே சட்டத்தின் அர்த்தத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற பேச்சு இது. எப்படி என்று பார்க்கலாம்.

1947-ன் தொழில் தகராறுகள் சட்டத்தில் ஆரம்பத்தில் இந்த வார்த்தைக்கு விளக்கமே கிடையாது. 1953-ல் பஞ்சாலைகளில் துணி விற்காமல் மலையாகக் குவிந்தது. ஷிஃப்டைக் குறைத்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற பயம் பரவியதும், அந்த அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டார்கள். லே-ஆஃபுக்கு விளக்கமும் விலையும் அப்போதுதான் வந்தன. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், மெஷின் பழுது - இப்படிப்பட்ட காரணங்களால் முதலாளியால் வேலை கொடுக்க முடியாமல் போனால் அது லே-ஆஃப். முக்கியமான நிபந்தனை, தொழிலாளியின் பெயர் மஸ்டர் ரோலில் இருக்க வேண்டும், அவர் ஆட்குறைப்பு செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது. அதாவது, வேலை போகவில்லை. வேலையை எடுத்து ஓரமாக வைத்திருக்கிறார்கள். லே என்றால் வைப்பது, ஆஃப் என்றால் விலக்கி. வார்த்தைக்கு வார்த்தை அதேதான்!

சட்டம் எழுதியவர்கள் மணிக்கணக்குகூடப் பார்த்திருந்தார்கள். வழக்கமான நேரத்துக்கு கேட்டில் வந்து நின்று, ரெண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்காவிட்டால், அன்றைக்கு அவர் லே-ஆஃப். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற ஃபேக்டரியில் ஒரு வருஷம் சர்வீஸ் போட்டவருக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி கொடுத்தாக வேண்டும். 'பத்லி' ஆளுக்குக் கிடையாது. ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கம் உருது காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், ஒருவருக்குப் பதிலாக வருகிற ஆள். லண்டன் பாணி இங்கிலீஷில் எழுதிய சட்டத்துக்குள் இந்த ஒரு வார்த்தை மட்டும் நம்மூர் வேஷ்டியோடு உட்கார்ந்திருந்தது.

இதே சட்டத்தில் இன்னொரு வால் வேடிக்கையும் இருந்தது. லாக்-அவுட் என்றால் வேலை செய்யும் இடத்தை 'குளோசிங்' செய்வது என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். 1982 திருத்தத்தில் அதை 'தற்காலிகமான குளோசிங்' என்று மாற்றினார்கள். அதே திருத்தத்தில் 'குளோஷர்' என்பதற்குப் புது விளக்கம்: 'நிரந்தரமான குளோசிங் டவுன்'. ஒரே ஒரு 'டவுன்' கூடினால், ரெண்டு வாரத்தில் திறக்கப்போகிற கேட், பழைய இரும்புக் கடைக்குப் போகிற கேட்டாகிவிடுகிறது.

லே-ஆஃப் நீண்டுகொண்டே போய் 45 நாளைத் தாண்டினால், முதலாளி அந்தத் தொழிலாளியை ஆட்குறைப்பு செய்யலாம். அப்படிச் செய்யும்போது, முந்தைய 12 மாதங்களில் கொடுத்த லே-ஆஃப் பணத்தை ஆட்குறைப்பு இழப்பீட்டோடு 'செட் ஆஃப்' செய்துகொள்ளலாம் என்று சட்டம் சொன்னது. பார்த்தீர்களா, மறுபடி 'செட்'! ஜான்சன் காலத்தில் 'செட் ஆஃப்' என்றால் அலங்கரித்தல். பட்டாசுக்கு வெடிக்கவைத்தல். கணக்குப் பிள்ளைக்கு ஈடுகட்டிக் கழித்தல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 1989 பதிப்பில் எல்லாவற்றையும்விட நீளமான பதிவு எந்தச் சொல்லுக்குத் தெரியுமா? 'செட்'டுக்குத்தான். (பிற்பாடு 'ரன்' முந்திக்கொண்டது.) வேலூர் மாவட்டக் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற பெஞ்ச், சுத்திகரிப்பு நிலையம் 'செட் அப்' செய்யாத டேனரி இயங்கக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் மாசு அபராதம் வேறு. செட் அப், செட் அவுட், செட் ஆஃப்... ஒரு தோல் தொழிலாளியின் ஆயுசுக்கு இந்த மூன்று போதும் போலிருக்கிறது.

2008-ல் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்த பிறகு, நம் பேப்பர்களிலும் டி.வி.யிலும் 'லேஆஃப்' என்ற வார்த்தை புதிய கோலத்தில் வந்தது. அமெரிக்காவில் அந்தச் சொல்லின் தற்காலிக வாசனை போய், வேலையைவிட்டு அனுப்புதல் என்றே ஆகிவிட்டிருந்தது. ஐ.டி. கம்பெனிகளில் லேஆஃப் என்றால் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, அட்டைப் பெட்டியோடு வெளியே வருவது. நம் பேப்பர்கள் அதை 'ஆட்குறைப்பு' என்று மொழிபெயர்த்தன. அந்தச் செய்திக்கு அது சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் அதே தமிழ் வார்த்தையை ஷூ ஃபேக்டரி லே-ஆஃபுக்கும் ஒட்டும்போதுதான் சிக்கல். நம் சட்டத்தில் ஆட்குறைப்பு என்பது 'ரெட்ரென்ச்மென்ட்', தனிப் பிரிவு, தனிக் கணக்கு. பழைய மகாபலிபுரம் ரோட்டில் லேஆஃப் என்றால் கதை முடிந்தது. ஆம்பூர் நோட்டீஸ் போர்டில் லே-ஆஃப் என்றால் பெயர் ரோலில் இருக்கிறது, பாதிச் சம்பளம் பாக்கி இருக்கிறது. டி.வி. அர்த்தத்தை நம்பி, வேலையே போச்சு என்று ஒரு பெண் கேட்டுக்கு வராமல் வீட்டிலிருந்துவிட்டால்? குறித்த நேரத்துக்கு வந்து ஆஜராகாதவருக்குச் சட்டப்படி அந்தப் பாதியும் கிடையாது.

2020 மார்ச் வந்தது. புதுசாக ஒரு வால்... லாக்-டவுன். அதுவரை அமெரிக்க ஜெயில்களில் கைதிகளை அறைக்குள்ளேயே அடைத்துவைப்பதற்குப் புழங்கிய வார்த்தை. நாம் அவசரத்துக்கு 144 காலத்து 'ஊரடங்கு'வையே எடுத்து மாட்டினோம். ஷூ ஃபேக்டரிகள் பூட்டப்பட்டன. பூட்டியது முதலாளி இல்லை, அதனால் லாக்-அவுட் இல்லை. நிரந்தரம் இல்லை, அதனால் குளோசிங் டவுனும் இல்லை. அப்படியானால் லே-ஆஃபா? பாதிச் சம்பளமா? மார்ச் 29-ல் மத்திய உள்துறை, லாக்-டவுன் நாட்களுக்குப் பிடித்தமில்லாமல் முழுச் சம்பளம் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மே 18-லிருந்து அந்த உத்தரவு இல்லாமல் போனது. ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம், இரண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று இடைக்கால உத்தரவு சொன்னது. முழுசா, பாதியா என்ற கேள்வி அந்த 50 சொச்சம் நாட்களுக்கு 'டவுன்', 'அவுட்', 'ஆஃப்' என்ற மூன்று வால்களுக்கு நடுவில் தொங்கியது. ஆம்பூரில் மட்டும் இல்லை, தேசம் பூராவும்.

அதே 2020-ல் நாடாளுமன்றம் தொழிலுறவுகள் தொகுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்து, 1947 சட்டத்தை ஓய்வுக்கு அனுப்பியது. லே-ஆஃப் செய்ய அரசாங்கத்தின் முன் அனுமதி வாங்க வேண்டிய ஃபேக்டரியின் அளவு, 1976-ல் 300 தொழிலாளிகள் என்று தொடங்கி, 1982 திருத்தத்தில் 100 ஆகி, புதிய சட்டத்தில் மறுபடி 300-க்குப் போய்விட்டது. பாதிச் சம்பளம் பாதியாகவே தொடர்கிறது.

வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்ததில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன, ராணிப்பேட்டை தனி மாவட்டம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது, ஷூ ஏற்றுமதி செய்கிற ஊர்களில் எல்லாம் ஆர்டரைப் பற்றித்தான் பேச்சு. லே-ஆஃபுக்கான காரணப் பட்டியலைப் புதிய சட்டத்தில் எடுத்துப் பாருங்கள். 'பையர் ஆர்டரை நிறுத்திவிட்டார்' என்று நேரடியாக ஒரு வரி கிடையாது. சரக்குத் தேக்கம் என்பதிலோ, 'தொடர்புடைய வேறு காரணம்' என்பதிலோ நுழைத்து வாதாட வேண்டியதுதான். பஞ்சாலைகளை மனதில் வைத்து 1953-ல் எழுதிய அதே பட்டியல், கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. முதல் காரணமாக இன்னமும் நிலக்கரித் தட்டுப்பாடுதான் நிற்கிறது.